சங்கு என்று பெயர் வைத்தவன்

எண்ணெய் மாலிஷுக்குப் போகத் தெரியாத ஆம்பிளைகளை மொத்தமாக ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்று யாருக்காவது ஆசை இருந்திருந்தால், எண்பதுகளின் கடைசியில் ஆவடி சேக்காட்டுக்கு வந்திருக்கலாம். நாங்கள் வேலை செய்த ஃபேக்டரியில் முதல் ஷிப்ட் விட்ட அரைமணி நேரத்தில் அங்கே ஒரு ஓட்டு வீட்டின் வாசலில் பத்துப் பதினைந்து சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். உள்ளே ஒரே அறை. நடுவில் ஒரு மரப்பலகை, அதன்மேல் பாய், பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம். சுவரை ஒட்டி நீளமாக ஒரு பெஞ்ச். முறைக்குக் காத்திருக்கும் நாங்கள் அதில் உட்கார்ந்து, பலகையில் படுத்திருப்பவனை வேடிக்கை பார்ப்போம்.

மாலிஷ் போடுகிறவரை மாஸ்டர் என்று கூப்பிடுவோம். பக்கத்தில் இருந்த துணை ராணுவ கேம்ப்பில் குஸ்தி ஆட்களுக்கு மாலிஷ் போட்டு, ரிடையராகி, இங்கே தொழில் தொடங்கியவர். வாய் திறப்பது அபூர்வம். சொல்ல வேண்டியதையெல்லாம் நீலப் பெயிண்டால் சுவரில் எழுதிவைத்துவிட்டார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வரவும். படுத்தபின் பேச வேண்டாம். வலித்தால் சொல்லவும். முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் படுக்கவும். மொத்தம் நாலே வரி. வண்டி எஞ்சினைப் பிரித்துப்போட்டு இருட்டில்கூடத் திரும்பப் பூட்டிவிடுவோம் என்று பீற்றிக்கொள்ளும் கூட்டத்துக்கு இந்த நாலு வரியைப் படித்து நடக்க வக்கில்லை.

ஒருத்தன் கேன்டீனில் மூக்கு முட்டத் தின்றுவிட்டு வந்து குப்புறப் படுப்பான். மாஸ்டர் முதுகில் கை வைத்ததும் அவனுக்கு ஏப்பம் வரும், அப்புறம் வேறு என்னென்னவோ வரும். இன்னொருத்தனுக்குப் படுத்தால்தான் யூனியன் எலெக்‌ஷன் ஞாபகம் வரும். கழுத்து நரம்பெல்லாம் முறுக்கேற, இவன் ஜெயிப்பான் அவன் தோற்பான் என்று பாயைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பான். கழுத்துப் பிடிப்பைத் தளர்த்துவதற்காக வந்தவன் அவன். வெல்டிங் செக்‌ஷனில் இருந்த ஒரு மகாராசன் எண்ணெய் வழிய எழுந்து, நேராகத் தெரு பம்புக்குப் போய் ரெண்டு வாளி பச்சைத்தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் ரோபோ மாதிரி வேலைக்கு வந்தான். வந்து, மாஸ்டர் கை சரியில்லை என்று சொன்னான். வீட்டுக்குப் போய்ப் படுக்கவும் என்று எழுதியிருந்ததை மட்டும் ஒருத்தன்கூட மதித்ததில்லை. ஒயின் ஷாப் போகிற வழியில் இருந்தது.

இவர்களையெல்லாம் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். நான் காலி வயிற்றோடு வருவேன், பேச மாட்டேன், வெந்நீரில்தான் குளிப்பேன், நேராக வீட்டுக்குப் போவேன். ஒழுங்காக மாலிஷுக்குப் போகத் தெரிந்த ஒரே மனுஷன் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாலில் மூன்று வரியை நான் விடாமல் கடைப்பிடித்தேன்.

விட்டுப்போன வரியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பெஞ்சில் ஒரு வழக்கம் இருந்தது. பலகையில் படுப்பவன் முனகக் கூடாது. மாஸ்டரின் கட்டைவிரல் முட்டி தோள்பட்டைக்கு அடியில் இறங்கும்போது உயிர் போகும். அப்போது ‘உஸ்’ என்றாலே போதும், பெஞ்ச் மொத்தமும் சிரிக்கும். மறுநாள் கேன்டீனில் அந்த ‘உஸ்’ஸைச் செய்து காட்டுவார்கள். இந்த வழக்கத்தை யார் தொடங்கியது என்று கேட்டால் வேறு யாரையாவது கைகாட்ட எனக்கும் ஆசைதான். தொடங்கியது நான். வலியைத் தாங்கத் தெரியாதவன் எதற்கு ஃபேக்டரி வேலைக்கு வந்தான் என்பது அப்போது என் கட்சி. முனகுகிறவனுக்குப் பட்டப்பெயர் வைப்பதும் நான்தான். அதில் எனக்கு ஒரு கைராசி இருந்தது. நான் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டால் போகவே போகாது.

என் மனைவியின் தம்பி, என் மச்சினன், அதே ஷாப்பில் என்னைவிட மூன்று வருஷம் ஜூனியர். அவனும் என்னைப்போல ஃபிட்டர். ஆள் தாட்டியாக இருப்பான். ஒருநாள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்தான். மாஸ்டர் வழக்கம்போலக் கேட்டார்.

“எங்க நோவுதுன்னு சொல்லு நைனா. நீ சொன்னாதான் என் கைக்குத் தெரியும். நான் இன்னா உள்ள பூந்து பாத்துகினா கீறேன்?”

இப்படி அவர் எல்லாரிடமும்தான் கேட்பார். நாங்கள் எல்லாரும் “பொதுவா போடுங்க மாஸ்டர்” என்போம். இவன் வெட்கங்கெட்டவன். “இங்க மாஸ்டர். இல்ல, கொஞ்சம் கீழ. அங்க இல்ல, உள்ளாண்ட” என்று வழி சொல்லிக்கொண்டே வந்தான். அவர் கை அந்த இடத்துக்குப் போனதும் போட்டான் பாருங்கள் ஒரு சத்தம். “ஐயோ அங்கதான், அங்கதான் மாஸ்டர்” என்று அடிவயிற்றிலிருந்து. வெளியே நாய் குரைத்தது. மாஸ்டர் அந்த இடத்தை விடவில்லை. அவனும் நிறுத்தவில்லை.

ஃபேக்டரியில் ஷிப்ட் தொடங்க ஊதுகிற சைரனை நாங்கள் சங்கு என்போம். நான் பெஞ்சிலிருந்து எழுந்து, வாட்ச்சைப் பார்த்து, “சங்கு ஊதிட்டாங்கடா, எல்லாம் டூட்டிக்குக் கெளம்புங்க” என்றேன். பெஞ்சே உருண்டது. அன்றோடு அவன் பெயர் சங்கு. ஒரு வாரத்தில் ஷாப் முழுக்கப் பரவி, ஒரு மாதத்தில் சூப்பர்வைசரே “அந்தச் சங்கைக் கூப்பிடு” என்றார். பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போனபோது, அவன் பெண்டாட்டி முன்னால் நான் அந்தக் கதையை நடித்தே காட்டினேன். அவனும் சிரித்தான். சொரணை இல்லாதவன் என்று நினைத்தேன். நாலு தடவை மாலிஷுக்குப் போனான், தோள் சரியாகிவிட்டது, பிறகு வருவதை நிறுத்திக்கொண்டான். கத்தினவனுக்கு நாலே தடவையில் சரியானது என் புத்தியில் ஏறவில்லை.

அடுத்த வருஷம் எனக்கு வந்தது. பதினாலு வருஷம் அரம் பிடித்த கை. வலது தோள்பட்டைக்கு உள்ளே ஏதோ ஒரு முடிச்சில் தொடங்கி, கை வழியாக இறங்கி, கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மரத்துப்போக ஆரம்பித்தது. மற்றவர்களுக்குக் கட்டைவிரல் என்பது கையெழுத்துப் போடத் தெரியாதவன் ரேகை உருட்டுவதற்கு. ஃபிட்டருக்கு அதுதான் கண். அரம் போட்ட இரும்பின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தால் முடியளவு பிசிறு இருந்தாலும் தெரியும். எனக்குத் தெரியாமல் போனது. பிசிறு கீறி ரத்தம் வந்தபிறகு குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ரெண்டு மாதத்தில் பதவி உயர்வுக்கான ட்ரேட் டெஸ்ட் இருந்தது. ஃபேக்டரி டாக்டரிடம் போனால் லைட் டூட்டி என்று எழுதிவிடுவார். லைட் டூட்டி என்றால் ஸ்டோர்ஸ் ஜன்னல். அங்கே உட்கார்ந்து, நேற்றுவரை என்னோடு வேலை செய்தவர்களுக்குக் கையுறையும் வேஸ்ட் காட்டனும் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதைவிடச் செத்துப்போகலாம் என்றிருந்தது. அதனால் மாஸ்டரிடம் போனேன்.

ஒன்பது தடவை போனேன். காலி வயிறு, மூடிய வாய், வெந்நீர், வீட்டில் ஓய்வு, எல்லாம் சுத்தம். ஒவ்வொரு தடவையும் மாஸ்டர் விரலால் தடவிக்கொண்டே வருவார். தோள்பட்டைக்கு அடியில் அந்த முடிச்சின் மேல் வந்து லேசாக நிற்பார்.

“இங்க நோவுதா?”

கண்ணில் பூச்சி பறக்கும். பாயின் கோரையைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பேன். பின்னால் பெஞ்சில் எட்டு ஜோடிக் கண்கள், எல்லாம் நான் பழக்கிவைத்த கண்கள்.

“இல்ல மாஸ்டர்.”

அவர் கை நகர்ந்துவிடும். இடுப்பு, கெண்டைக்கால், குதிகால் என்று எனக்கு ஒரு குறையும் இல்லாத இடங்களையெல்லாம் பொறுமையாக உருவிவிடுவார். என் குதிகால்கள் அந்த வருஷம் இருந்த மாதிரி என்றுமே இருந்ததில்லை. பெஞ்சில் ஒருத்தன், “இன்னா மாமே, கல்லு மாதிரி படுத்துகினு கீற. உன்ன அடிச்சிக்க ஆளே கெடையாது” என்பான். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்ளும்போது எனக்குப் பெருமையாக வேறு இருக்கும். இவ்வளவு மடத்தனத்தை ஒரு மனுஷனுக்குள் யார் திணித்தார்கள் என்று இப்போது யோசிக்கிறேன்.

ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். தனியாகப் போகிறவன் கத்தத்தான் போகிறான் என்பதும் நான் சொல்லி வைத்ததுதான்.

டெஸ்ட் அன்று ஒரு சதுரத் துண்டை அரத்தால் தேய்த்து, அதே அளவுள்ள பள்ளத்தில் பொருத்த வேண்டும். ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. கல்யாணமாகாத காலத்திலேயே இதைப் பேசிக்கொண்டே செய்தவன் நான். அன்று ரெண்டு தடவை அரம் கையிலிருந்து நழுவி விழுந்தது. சத்தம் கேட்டு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முடித்து, தூக்கிப் பிடித்தேன். கதவிடுக்கு மாதிரி வெளிச்சம் வந்தது. தேர்வு வைத்தவர் அதை என் பக்கமே தள்ளிவைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அடுத்த ஆள் என் மச்சினன். அவன் துண்டு பள்ளத்துக்குள் சத்தமில்லாமல் இறங்கி உட்கார்ந்தது.

அவனுக்குப் பதவி உயர்வு வந்து, எங்கள் வரிசைக்கே சார்ஜ் எடுத்தான். சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு மாதம் பார்ப்போம், கை சரியாகவில்லை என்றால் ஸ்டோர்ஸுக்கு எழுதிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே என்றார். நான் யார் மேல் கோபித்துக்கொண்டேன் தெரியுமா? மாஸ்டர் மேல். ஒன்பது தடவை உருவியும் பிரயோஜனம் இல்லை, கேம்ப்பில் குதிரைக்கு மாலிஷ் போட்டிருப்பான் போல என்று கேன்டீனில் உட்கார்ந்து எல்லாரிடமும் சொன்னேன். பச்சைத்தண்ணீர் வெல்டிங்காரன் தலையாட்டி ஆமோதித்தான். நான் யாருடைய கட்சியில் போய்ச் சேர்ந்திருக்கிறேன் என்று அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

வீட்டில் அதற்குள் என் சட்டைக்குப் பட்டன் போட்டுவிடுவது என் மனைவியின் வேலையாகியிருந்தது. விரலில் பட்டன் நிற்காது. அவளுக்கு நான் காரணம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

“தம்பிகிட்ட சொல்லிட்டேன்.”

“இன்னாத்த சொன்ன?”

“இதத்தான். பட்டன்கூட நான் போட்டு உடறேன்னு. அவன்கிட்ட சொன்னா இன்னா, கொறஞ்சா பூடுவீங்க?”

கையைத் தட்டிவிட்டேன். அன்று மூன்று பட்டன் திறந்தபடியே வேலைக்குப் போனேன். சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் மச்சினன் நின்றுகொண்டிருந்தான்.

“மாமா, நாளிக்கு காலீல டிவில அது ஓடற நேரத்துக்கு வா. மாஸ்டர்கிட்ட சொல்லிக்கீறேன். ஊர்ல ஈ காக்கா இருக்காது.”

அப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் புராணத் தொடர் ஓடும். அந்த ஒரு மணி நேரம் தெருவில் நாய்கூட நடக்காது. பெஞ்சும் காலியாக இருக்கும்.

“எனக்கு ஒண்ணும் இல்லடா” என்றேன்.

“ஒண்ணும் இல்லன்னா சும்மா வந்து குந்திட்டு போ” என்றான். சார்ஜ் எடுத்த திமிர் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன். ஆனால் போனேன்.

அறையில் மாஸ்டரும் அவனும் மட்டும். கேன்டீனில் நான் பேசியது மாஸ்டர் காதுக்கு வந்திருக்கும். வராமல் இருக்க ஆவடி அவ்வளவு பெரிய ஊரில்லை. அவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, “படு” என்றார். அவ்வளவுதான். மச்சினன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, பெஞ்சில் உட்காராமல் கதவோரமாகவே சுவரைப் பார்த்து நின்றான்.

விரல் வந்து அதே இடத்தில் நின்றது.

“இங்க நோவுதா?”

வாயில் ‘இல்ல’ தயாராக இருந்தது, பழக்கதோஷம். சுவரைப் பார்த்து நின்றவனின் முதுகு கண்ணில் பட்டது. “ஆமா” என்றேன். “எங்க, மேலயா கீழயா?” “கீழ. இன்னும் உள்ள. அங்க. அங்கதான்.” அப்புறம் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்தது ஒரே மூச்சில் வெளியே வந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். செத்துப்போன அப்பாவைக்கூடக் கூப்பிட்டேன். சங்கெல்லாம் கிட்டே வராது. மாஸ்டர் கையை எடுக்கவில்லை. மற்ற இடங்களுக்குப் போகவே இல்லை. அந்த ஒரே இடத்தில் அழுத்தி, விட்டு, தோளைத் தூக்கிச் சுழற்றி, மறுபடி அழுத்தி, அரைமணி நேரம். கண்ணீரும் எச்சிலும் பாயில் ஒழுகியது. தோளுக்குள் ஏதோ ஒன்று மெல்ல இளகியது. கட்டைவிரல் நுனியில் எறும்பு ஊர்வது போலக் குறுகுறுத்தது.

“ஒம்போது தபா கேட்டேன் இத” என்றார் மாஸ்டர், கையைத் துடைத்துக்கொண்டே. “ஒம்போது தபாவும் இல்லன்ன.”

நான் எழுந்து உட்காரும்போதுதான் வெளியே பேச்சுக்குரல் கேட்டது. ஒன்றிரண்டு இல்லை, ஐந்தாறு குரல். சேக்காட்டில் கரண்ட் போய்விட்டிருந்தது. பாதியில் டிவி அணைந்ததும், வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று எங்கள் வீரர்கள் நேராக பெஞ்சுக்கு வந்துவிட்டார்கள். எவ்வளவு நேரமாக நிற்கிறார்களோ.

“யார்ரா அது உள்ள? இன்னா கத்து கத்தறான்” என்றது ஒரு குரல். வெல்டிங்காரன். கதவைத் தட்டினான்.

சட்டையை மாட்டிக்கொண்டேன், பட்டன் பிடிபடவில்லை. மச்சினன் வந்து, கீழிருந்து மேல்வரை எல்லாப் பட்டனையும் மளமளவென்று போட்டுவிட்டான். துண்டால் என் முகத்தைத் துடைத்தான். என்னை பெஞ்சில் உட்காரவைத்தான். பிறகு தன் சட்டையைக் கழற்றிப் பலகை மேல் போட்டு, எண்ணெய்க் கிண்ணத்தில் விரலை விட்டு, கழுத்திலும் தோளிலும் நாலு இழுப்பு இழுத்துக்கொண்டான். போய்த் தாழ்ப்பாளை எடுத்தான். மாஸ்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்தவர்கள் முதலில் அவன் எண்ணெய்த் தோளைப் பார்த்தார்கள். பிறகு பெஞ்சில் சட்டையோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்கள்.

“நெனச்சேன்டா” என்றான் வெல்டிங்காரன். “இன்னா சங்கு, மறுபடி ஊதிட்டியா? தெருக்கோடி வரைக்கும் கேக்குது.”

“ஆமா” என்றான் மச்சினன். “தோள் மறுபடி புடிச்சிகிச்சு. தாங்கல.”

அறை அதிரச் சிரித்தார்கள். சார்ஜ்மேன் சங்கு, பிரமோஷன் சங்கு என்று ஆளாளுக்கு ஒட்டுப்போட்டார்கள். ஒருத்தன் அப்பாவைக் கூப்பிட்டதைக் கூட விடாமல் செய்து காட்டினான். என் அப்பாவை. மச்சினனின் அப்பா, என் மாமனார், அப்போது உயிரோடு திடமாக இருந்தார், பெஞ்சில் பாதிப் பேருக்கு அது தெரியும். ஒருத்தனுக்கும் அது தோன்றவில்லை.

பிறகு அஞ்சாறு ஞாயிற்றுக்கிழமை போனேன். கை திரும்பி வந்தது. ஸ்டோர்ஸுக்குப் போகவில்லை. அடுத்த வருஷம் டெஸ்ட்டும் பாஸ் செய்தேன். மாஸ்டர் கை சரியில்லை என்று கேன்டீனில் சொன்னதை மட்டும் நான் வாபஸ் வாங்கவில்லை, கை எப்படிச் சரியானது என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்று. மச்சினன் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி என்னிடம்கூட ஒருமுறையும் பேசியதில்லை. அவன் பேசியிருந்தால், நாலு பேர் முன்னால் குத்திக்காட்டியிருந்தால், அவனை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அந்தப் பெயரை வைத்தவன் நான். அதை எடுத்துவிட எனக்குக் கிடைத்தது அன்று எல்லாரும் சிரித்த அந்த ஒரு நிமிஷம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், அவன் போட்டுவிட்ட பட்டன்களோடு. வெல்டிங்காரன் என் பக்கம் திரும்பி, “இன்னா மாமே, நீ வெச்ச பேரு பொய்யா பூடுச்சா பாத்தியா?” என்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மச்சினன் மட்டும் பார்க்கவில்லை, சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தான்.

நானும் சிரித்தேன்.